கம்பியில்லாத கரடி

நாச்சி என்ற கரடி மிருகக்காட்சி சாலையிலேயே பிறந்து வளர்ந்தது. அதன் கூண்டின் பின்சுவரில் மரங்களும் ஓர் ஓடையும் வரைந்திருந்தார்கள். ஒருநாள் படம் எடுப்பவர் ஒருவர் வந்தார். கம்பிகளுக்கு நடுவே கேமராவை நுழைத்து, நாச்சி அந்தச் சுவருக்கு முன்னால் வந்து நிற்கும்வரை வெயிலிலேயே காத்திருந்து படம் எடுத்தார்.

அவர் தலைக்கு மேலே கிளையில் ஒரு காகம் இருந்தது. கேமராவின் சின்னத் திரையை எட்டிப் பார்த்த காகம் திடுக்கிட்டுப் பறந்து வந்து கூண்டின்மேல் உட்கார்ந்தது.

"நாச்சி, நீ இங்கேதானே இருக்கே?"

"வேற எங்கே போவேன்? ஏன் இப்படிப் பதறுறே?"

"அந்தத் திரையில நீ காட்டுக்குள்ள நிக்கிறே. கம்பியே இல்லை. தண்ணித் தொட்டி இல்லை. கம்பியில உரசி உரசி உன் பிடரியில முடி கொட்டிப்போச்சே, அதுகூடத் தெரியலை."

நாச்சி கம்பியருகே ஓடி வந்தது. "நல்லாப் பார்த்தியா? நான்தானா அது?"

"நெஞ்சுல இருக்கிற வெள்ளைக் கோடு அப்படியே இருக்கு. நீயேதான்."

படம் எடுப்பவர் கேமராவைப் பைக்குள் வைத்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார். நாச்சி கம்பியில் முகத்தை அழுத்திக்கொண்டு அந்தப் பையையே பார்த்தது.

"காக்கா, சீக்கிரம் அவர் பின்னாலேயே போ."

"போய் என்ன செய்ய?"

"அந்தக் கரடிகிட்ட சொல்லு. யார் கூப்பிட்டாலும் இங்கே திரும்பி வந்துடாதேன்னு சொல்லு."