எரிமலைக்குப் போன கதிரை

டென்மார்க்கின் பில்லுண்ட் விமான நிலையத்துக்குக் குணசேகரம், விரித்து உட்காருகிற ஒரு மடக்குக் கதிரையோடு வந்து நின்றார்.

"மாமா, இது என்னத்துக்கு?" என்றாள் டிலக்ஷி.

"இருக்கிறதுக்குப் பிள்ளை."

அப்பா ஜீவரட்ணம் வேலையில் இருந்து ஓய்வு பெற்றதற்கு டிலக்ஷி கொடுத்த பரிசு இந்தப் பயணம். ஐஸ்லாந்தில் நெருப்புக் குழம்பு கக்கிக்கொண்டிருக்கும் எரிமலையை நடந்துபோய்ப் பார்ப்பது. அம்மாவுக்கு முழங்கால் நோ. அவளுக்குப் பதிலாக, விபோர்க்கில் அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் இருபத்தெட்டு வருசம் வேலை செய்த குணசேகரம் மாமா வருகிறார்.

பெட்டி வாங்குகிற பெண் கதிரையைப் பார்த்தாள். நடக்க ஏதும் உதவி தேவையா என்று கேட்டாள்.

"இல்லை," என்று டெனிஷில் சொன்னார் குணசேகரம். "இது எரிமலைக்கு."

அவள் கதிரைக் காலில் ஒரு சீட்டைக் கட்டி உள்ளே அனுப்பினாள்.

அடுத்த நாள் மத்தியானம் பன்னிரண்டு மணிக்கு நடக்கத் தொடங்கினார்கள். எட்டுக் கிலோமீற்றர். நாலு மணிக்குக் காற்றுத் திரும்பும், நச்சுப் புகை வரும், பாதையை மூடிவிடுவோம் என்று காவலுக்கு நின்றவர்கள் சொன்னார்கள். மூன்று மணித்தியாலம் போதும் என்று டிலக்ஷி கணக்குப் போட்டாள்.

கால் மணித்தியாலம் போயிருக்கும். குணசேகரம் கதிரையை விரித்து இருந்தார்.

"களைச்சுப் போனன்."

ஒரு நிமிசத்தில் எழும்பினார். "ஜீவா, இதில ஒருக்கா இரும் பாப்பம். ஒரு கால் ஆடுது போல கிடக்கு."

தொழிற்சாலையில் மெஷின் திருத்தினவர் ஜீவரட்ணம். ஆடுகிற ஒன்றை அப்படியே விட்டுவிட்டுப் போக அவரால் முடியாது. இருந்தார். முன்னுக்கும் பின்னுக்கும் அசைந்து பார்த்தார்.

"ஒண்டும் ஆடேல்லையே."

"வடிவாய்ப் பாரும். அவசரப்படாதையும்."

ஐந்து நிமிசம் பார்த்தார். ஆடவில்லை.

அடுத்த கால் மணித்தியாலத்தில் குணசேகரத்துக்குத் திரும்பவும் களைத்தது. இந்த முறை பின்னங்கால் ஆடியது. அதற்கடுத்த முறை ஆணி ஒன்று இளகியிருந்தது. ஒவ்வொரு முறையும் ஜீவரட்ணம் திட்டிக்கொண்டே இருந்து பார்த்தார்.

கதிரை போட்டிருப்பதால் இதுதான் பார்க்கிற இடம் என்று நினைத்து, இரண்டு ஜெர்மன்காரர் பக்கத்தில் வந்து நின்று வெறும் கறுப்புக் கல்லைப் படம் எடுத்தார்கள்.

ஒருமுறை விரிக்கும்போது காற்று கதிரையைப் பறித்துக்கொண்டு போனது. குணசேகரம் பாசி பிடித்த கல்லுகளுக்கு மேலால் பாய்ந்து ஓடி, நூறு மீற்றருக்கு அங்காலே அதைப் பிடித்தார். மூச்சு வாங்காமல் திரும்பி வந்தார். வந்து, "களைச்சுப் போனன்" என்று இருந்தார்.

டிலக்ஷிக்குப் பொறுமை போய்விட்டது. "மாமா, நீங்கள் காரிலயே இருந்திருக்கலாம்."

"ஓம் பிள்ளை. எனக்கும் எரிமலை பாக்க ஆசை."

அவள் டெனிஷில் ஏதோ சொன்னாள். அது அவருக்கு நன்றாகவே விளங்கும். கதிரையை மடக்கினார்.

எரிமலையைப் பார்க்க ஏறுகிற மேட்டின் அடிக்குப் போய்ச் சேர்ந்தபோது நேரம் நாலு மணி ஆறு நிமிசம். காவல்காரர் குறுக்கே நாடா கட்டிவிட்டார்கள்.

"ஆறு நிமிசம்தானே," என்று டிலக்ஷி கெஞ்சினாள்.

"புகைக்கு அது தெரியாது," என்றான் காவல்காரன்.

மேட்டுக்கு அங்காலே வானம் செம்மஞ்சளாகக் கிடந்தது. எரிமலை தெரியவில்லை. ஒரு முழக்கம் மட்டும் கேட்டது. ஜீவரட்ணம் கொஞ்ச நேரம் அந்தத் திசையைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி, சத்தமெண்டாலும் கேட்டம்," என்றார்.

இறங்கும்போதும் கதிரை ஆடியது.

திரும்பி வருகிற விமானத்தில் டிலக்ஷி தள்ளிப்போய் வேறு வரிசையில் இருந்தாள். குணசேகரம் நீட்டிய ரொபி இனிப்பையும் வாங்கவில்லை.

விபோர்க்கில் வீட்டுக்கு வந்ததும் அப்பா சாப்பிட்டுவிட்டுப் படுக்கப் போனார். டிலக்ஷி அம்மாவிடம் வந்தாள்.

"அம்மா, இனிமேல் அந்த மாமாவை இந்த வீட்டுக்குக் கூப்பிடாதேங்கோ. தன்ர சொகுசுக்காக எங்கட பயணத்தையே பழுதாக்கிப் போட்டார். அப்பா எவ்வளவு ஆசையாய் வந்தவர்."

கிருபாமலர் எழும்பிப் போய், அறைக் கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

"நீ பிளேன் ரிக்கெற் போட்ட கிழமைதான் அப்பாவுக்கு இதயத்தில அடைப்பு இருக்கெண்டு கண்டுபிடிச்சவை. அடுத்த மாசம் ஒப்பரேஷன். உனக்குச் சொல்லக்கூடாதெண்டு பைபிளில கைவைக்கச் சொல்லிச் சத்தியம் வாங்கினவர். நீ பயணத்தை நிப்பாட்டிப் போடுவாய் எண்டு பயம்."

"தெரிஞ்சுகொண்டே எப்பிடியம்மா விட்டனீங்கள்?"

"டொக்டர் விட்டவர். மெதுவாய் நடக்கலாம், ஆனா கால் மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஐஞ்சு நிமிசம் கட்டாயம் இருக்கோணும் எண்டு சொன்னவர்."

"அப்பா எங்கயும் ஓய்வெடுக்கிற ஆளே?"

"அதுதான் பிள்ளை. கலியாணம் கட்டின நாளில இருந்து நான் இருங்கோ எண்டு சொல்லி அவர் ஒருநாளும் இருந்ததில்லை. உனக்குத்தான் சொல்லமாட்டன் எண்டு சத்தியம் பண்ணினனான். குணா அண்ணையிட்டப் போய்க் கேட்டனான், உங்களால அவரை எப்பிடியாவது இருத்த ஏலுமோ எண்டு."