பெயரில்லாத வரி

அவரவர் பெற்ற பிள்ளைகளின் பெயர்களைப் பட்டியலிட்டு எண்ணிக் காட்டுவதுதான் அன்றைய பைத்தான் நிரல் பயிற்சி. மேசை மேசையாகப் பிழை பார்த்துக்கொண்டு வந்த ஆசிரியருக்குக் கடைசி மேசையில் மண்டை காய்ந்தது. அங்கிருந்த பெண் எழுதியிருந்தது இரண்டு பெயர்கள். கணினி மூன்று என்றது.

வெற்று மேற்கோள்குறி ஏதும் இல்லை. புதுக் கோப்பில் அவரே தட்டிப் பார்த்தார். அப்போதும் மூன்று. மூன்றாவது பெயரைக் கேட்டால் பிழை வந்தாக வேண்டும். வெற்று வரிதான் வந்தது.

"எல்லாத்தையும் அழிச்சிட்டு மறுபடி எழுதலாம்மா."

அவள் அவர் கையை இறுகப் பிடித்தாள். "அழிச்சிடாதீங்க சார், உங்க கால்ல விழறேன். மூணாவதா பொறந்தவ, பேரு வைக்கறதுக்குள்ள போயிட்டா சார்."

ஆசிரியர் விசைப்பலகையிலிருந்து கையை எடுத்துவிட்டார். யாரும் எதையும் தட்டவில்லை. வெற்று வரியில் 'ங்கா' என்று எழுத்து விழுந்தது.