குனார்டி வீட்டு ரூட்டர்

"மோட்டார் சைக்கிளும் போச்சாம். அடுத்து வீட்டையே வச்சு ஆடுவான் பாரு அந்த குனார்டி!"

காப்பிக் கடை பெஞ்சில் யாரோ சொன்னது வெனிங்கின் காதில் விழுந்தது. அவள் போய்க்கொண்டிருந்ததும் குனார்டி வீட்டுக்குத்தான். சிடோவார்ஜோ என்ற ஊரில் அந்தத் தெருவுக்கே இணைய இணைப்பு கொடுப்பவள் அவள்.

குனார்டி வாசலிலேயே நின்றிருந்தார்.

"மெதுவா பேசும்மா. லாஸ்மினி உள்ளே இருக்கா."

அவர் மனைவி இருந்த உள்ளறைக் கதவு சாத்தியிருந்தது.

"என்ன பண்ணணும் பாக்?" அந்த ஊரில் ஆண்களைப் 'பாக்' என்றும் பெண்களை 'இபு' என்றும் மரியாதையாக அழைப்பார்கள்.

"அந்தச் சூதாட்டம் இந்த வீட்டுல திறக்கவே கூடாது. இனி போறதுக்கு வீடு மட்டும்தான் மிச்சம்."

"எனக்கு நெட் தர்ற கம்பெனிதான் தடை போட்டிருக்கே?"

"போட்டு என்ன? தினம் ஒரு புதுப் பேர்ல வருதே!"

வெனிங் மடிக்கணினியைத் திறந்தாள்.

"அந்த மாதிரிப் பேரையெல்லாம் வடிகட்டுற சர்வர் என்கிட்ட இருக்கு. ஆனா தளத்தோட பேரை வழக்கமான 53-ஆம் போர்ட்டுல, அதாவது 53-ஆம் வாசல்ல, கேட்டா, கம்பெனி நடுவுல மறிச்சு, தானே பதில் சொல்லிடும். அதனால 5353-ல வச்சிருக்கேன். உங்க ரூட்டரை அந்தப் பக்கம் திருப்பிடறேன்."

"பாஸ்வேர்டு எனக்குச் சொல்லாதே. நீயே வச்சுக்கோ."

வெனிங் யாரையும் எதிர்த்துப் பேசிப் பழகாதவள். இன்றைக்கு அடக்க முடியவில்லை.

"உங்க மேல உங்களுக்கே அவ்வளவு நம்பிக்கையா? வண்டியை விக்கும்போது இபு லாஸ்மினி முகத்தை ஒரு தடவை பாத்திருக்கலாம்."

"பாத்தேம்மா."

"தெருவே சிரிக்குது பாக்."

"சிரிக்கட்டும். நீ சீக்கிரம் முடி."

அவள் மாற்றங்களைச் செய்து சேமித்தாள்.

"வேலை செய்யுதான்னு பாக்கணும். உங்க போன்ல அந்த ஆட்டத்தைத் திறங்க."

குனார்டி தயங்கினார். பிறகு சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து மேசைமேல் வைத்தார். ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிய பழைய பட்டன் போன்.

வெனிங் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"நெட் ஏன் நின்னுபோச்சு? இப்பத்தான் ஜெயிக்க ஆரம்பிச்சேன்!"

கதவு படாரென்று திறந்தது. லாஸ்மினியின் கண்கள் தூங்காமல் சிவந்திருந்தன. கையில் போன். வெனிங்கைப் பார்த்தாள், ரூட்டரைப் பார்த்தாள், கடைசியில் கணவரைப் பார்த்தாள்.

"என்னையா பூட்டறீங்க?"

"போதும் லாஸ். விட்டுடு."

"விட்டதை எடுக்க வேண்டாமா? கடையில டேட்டா போட்டுக்கறேன், போங்க!"

செருப்புகூடப் போடாமல் அழுதுகொண்டே தெருவில் ஓடினாள்.

எதிர்வீட்டு இபு ருமிசி துடைப்பத்தோடு எட்டிப் பார்த்தாள்.

"ஐயோ பாவம், எங்கே இப்படி ஓடுறா?"

குனார்டி வெளியே வந்து வேலியைப் பிடித்துக்கொண்டார்.

"கடைக்குத்தான் இபு. எனக்கு ஆட டேட்டா தீந்துபோச்சு. நான்தான் விரட்டினேன்" என்றார்.