நெஞ்சுக்குள்ள எண்ணெய்

"எங்க அம்மாவ அருவிப்பக்கம் கூட்டிட்டுப் போவாத, போவாதன்னு தலைப்பாடா அடிச்சுக்கிட்டேன். கேட்டியாட்டி நீ?"

ஐ.சி.யூ. வாசல்ல நின்னு நான் போட்ட சத்தத்துல வாட்ச்மேன் எந்திரிச்சு வந்துட்டாரு. வரட்டும். உள்ள மூச்சுக்குத் தவிச்சுகிட்டுக் கிடக்கது எங்க அம்மா சண்முகசுந்தரி. வெளிய தலையக் குனிஞ்சு நிக்கது என் தம்பி பொண்டாட்டி அபர்ணா.

மெட்ராஸ்காரி. குற்றால சீசனுக்குத் தென்காசி வந்தவ. அம்மாவுக்குப் போன வருஷம் லேசா வாதம் வந்ததுல இருந்து கஞ்சி முழுங்குறதே கஷ்டம். அந்த மனுசியக் கொண்டுபோயி ஐந்தருவியில நிறுத்தியிருக்கா. கேட்டா, அத்தை ஆசைப்பட்டாங்களாம். ஆசைப்பட்டா? உனக்குப் புத்தி எங்கன போச்சு?

"அக்கா, ஆஸ்பத்திரிக்கா இது"ன்னான் தம்பி விஜயசங்கர்.

"நீ பேசாதலே. பொண்டாட்டிக்குப் பரிஞ்சுகிட்டு வராத."

டாக்டர் குமரகுரு எங்களை உள்ள கூப்பிட்டு, கம்ப்யூட்டர்ல எக்ஸ்ரேயக் காட்டினாரு.

"காத்து இருக்க இடம் கருப்பாத் தெரியணும்மா. இங்கன பாருங்க, ரெண்டு பக்கமும் வெளுத்துக் கிடக்கு. நுரையீரல் பூரா நீர் கோத்திருக்கு. இதயத்தையும் பாத்துட்டோம், அது நல்லாருக்கு. இதை ஏ.ஆர்.டி.எஸ்.னு சொல்லுவோம். உயிருக்கு ஆபத்துதான்."

"அருவியில நனைஞ்சதாலதான டாக்டர்?"

"அப்படிச் சொல்ல முடியாது. எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சாத்தான் வைத்தியம் நேராப் போவும். அதுவரைக்கும் மூச்ச நாம பிடிச்சு வைக்கணும்."

"பிடிச்சு வைங்க. எங்க அம்மாவ நடத்திக் கூட்டிட்டுத்தான் நான் வீட்டுக்குப் போவேன்."

தொண்டையில குழாய் போட்டு மெஷின்ல வச்சாங்க. நாளுக்குப் பதினாறு மணி நேரம் குப்புறப் படுக்க வச்சாங்க. அப்படிப் படுத்தா முதுகுப் பக்கத்து நுரையீரல் விரியுமாம். நான் பெஞ்ச விட்டு நகரல. அபர்ணாவும் நகரல. அவ வாங்கியாந்த காப்பிய நான் தொடவே இல்ல.

மூணு நாளு போச்சு. கிருமிக்குன்னு போட்ட ஊசி எதுக்கும் கேக்கல. எக்ஸ்ரேயில வெள்ளை கூடுதே தவிர குறையல. நாலாம் நாள் காலையில மெஷினோடயே கொண்டுபோயி சி.டி. ஸ்கேன் எடுத்தாங்க.

டாக்டர் எங்க மூணு பேரையும் உக்கார வச்சாரு.

"இந்த வெள்ளைக்கு நடுவுல அங்கங்க மங்கித் தெரியுது பாருங்க. சீழோ தண்ணியோ இப்படி வராது. அளந்து பாத்துட்டோம். எண்ணெய்."

"நெஞ்சுக்குள்ள எண்ணெயா?" தம்பிக்கு ஒண்ணும் புரியல.

"மூக்குல விட்டிருக்காங்க. முழுங்குறது சரியில்லாதவங்களுக்கு, இருமல் கூட வராம அது நேரா நுரையீரலுக்கு இறங்கிரும். யாரு விட்டீங்க? என்ன எண்ணெய், எத்தன நாளு? இப்பவே தெரியணும். தெரிஞ்சா நுரையீரலைக் கழுவலாம், மருந்த மாத்தலாம். சும்மா ஊகத்துல அதைச் செய்ய முடியாது."

டாக்டர் எங்க மூணு பேரையும் மாறி மாறிப் பாத்தாரு. நான் கம்ப்யூட்டர்ல தெரிஞ்ச வெள்ளையையே பாத்துகிட்டு இருந்தேன்.

"நான்தான் டாக்டர்"ன்னா அபர்ணா. "நல்லெண்ணெய். பூண்டும் ஓமமும் போட்டுக் காய்ச்சினது. அருவியில குளிச்சதுக்குத் தலையில நீர் கோத்துடக் கூடாதுன்னு, அஞ்சு நாள், படுக்கப்போறப்ப ரெண்டு மூக்குலயும் விட்டேன்."

தம்பி நாற்காலியத் தள்ளிட்டு எந்திரிச்சான்.

"உனக்கு யாருட்டி இந்த வைத்தியமெல்லாம் சொல்லிக் குடுத்தது? அம்மாவக் கொல்லப் பாத்தியே!"

டாக்டர் அதுக்குள்ள ஐ.சி.யூ.வுக்கு ஓடிட்டாரு.

அன்னைக்கே குழாய் வழியா நுரையீரலைக் கழுவினாங்க. மருந்து மாறுச்சு. மறுபடியும் குப்புறப் போட்டாங்க, திருப்பினாங்க, மறுபடியும் போட்டாங்க. டாக்டரும் விடல, நர்ஸுகளும் விடல. ஒவ்வொரு எக்ஸ்ரேயிலயும் கருப்பு கொஞ்சங் கொஞ்சமாத் திரும்பி வந்துச்சு. பத்தாம் நாள் குழாய எடுத்தாங்க. கம்மிப்போன குரல்ல அம்மா, "பசிக்கிட்டி உமா"ன்னா. நான் அங்கனயே ஓன்னு அழுதுட்டேன்.

ஆனா விஜயசங்கர் மனசு இறங்கல. அபர்ணாவுக்குப் பொதிகை எக்ஸ்பிரஸுல டிக்கெட் போட்டுட்டான்.

"உங்க அப்பா வீட்டுக்குப் போ. இனி எங்க அம்மா முகத்துல முழிக்காத."

அவ கண்ணத் தொடச்சுகிட்டு, பைய எடுத்துத் தோள்ல போட்டுகிட்டு லிஃப்ட்டப் பாத்து நடந்தா. நான் பின்னாலயே ஓடி மறிச்சேன்.

"ஏன்ட்டி அப்படிச் சொன்ன?"

"எண்ணெய் காய்ச்சின சட்டியத் தினமும் கழுவினது நான்தானே அண்ணி, எனக்குத் தெரியாதா? டாக்டர் பதிலுக்குக் காத்துட்டு இருந்தாரு. நீங்க யோசிச்சுட்டு இருந்தீங்க. அத்தைக்கு அவ்வளவு நேரம் இல்ல."

அவ தோள்ல இருந்த பையப் பிடுங்கினேன். வராண்டாவுல நின்ன அத்தன பேரும் திரும்பிப் பாக்க, அன்னைக்கு அவளை ஏசின அதே குரல்ல கத்தினேன்.

"ஏலே விஜயா, அந்த டிக்கெட்டக் கிழிச்சுப் போடு! அம்மா மூக்குல எண்ணெய் விட்டது இவ இல்லலே, நான்!"