தப்பாத தாளம்

கேம் கம்பெனியில் பாட்டு விளையாட்டுகளைச் சோதித்துப் பார்ப்பது அவன் வேலை. இன்று வந்தது ஒரு பிரிவுப் பாட்டு. இன்னும் வெளியாகாத ராக் இசைப் பாட்டு. விளையாட்டுக்கான பிளாஸ்டிக் கிட்டாரோடு மரம் மாதிரி உட்கார்ந்து, திரையில் ஓடும் தாளக் குறிகளுக்கு ஏற்ப அதன் பொத்தான்களை ஒன்றுகூடத் தப்பாமல் அமுக்கினான். முதல் ஆட்டத்திலேயே நூற்றுக்கு நூறு.

மேலாளர் வாயைப் பிளந்தார். "எல்லாரும் ரெண்டாவது சரணத்துல கவுந்துட்டாங்க. உனக்கு மட்டும் எப்படிப்பா?"

"பழகின பாட்டு சார்."

"இன்னிக்குத்தானே வந்துச்சு!"

"எழுதிப் பாடினது என் சம்சாரம். அவ வீட்டுல பாடப் பாட, மேஜையில தாளம் போட்டது நான்தான்."

"அடேயப்பா! கொடுத்து வெச்சவன்யா நீ."

"இப்ப அவ வீட்டுல இல்ல சார்." அவன் மறுபடி ஆட்டத்தைத் தொடங்கினான். "தாளம் போட்டேனே தவிர, யாரை விட்டுட்டுப் போற பாட்டுன்னு கேக்கத் தோணலை."