கோட்டுப் பைக்குள் சாவி

சாவித் துவாரமே இல்லாத பைக் அது. கையடக்க ரிமோட் பக்கத்தில் இருந்தால்தான் கிளம்பும். வீட்டைப் புரட்டிப் போட்டுத் தேடிய பிறகே எப்சிபாளுக்கு உறைத்தது: ரிமோட் புருஷனின் கல்யாணக் கோட்டுப் பைக்குள் இருந்தது, அந்தக் கோட்டைப் போட்டுத்தான் அவரை அடக்கம் செய்திருந்தார்கள்.

கொழுந்தன் ஜெபசிங் பைக்கைக் கல்லறைத் தோட்டத்துக்குத் தள்ளிக்கொண்டு போனான்; எப்சிபாளும் கூடப் போனாள். மண்மேட்டை ஒட்டி நிறுத்தியதும் விளக்கு எரிந்தது.

“பாத்தீளா மைனி, அண்ணன் நம்மளக் கைவிடல!”

“ஆஸ்பத்திரியில ஒன்னயே கேட்டுக்கிட்டுக் கெடந்தாவ. ஒரு நா எட்டிப் பாத்தியா நீ?”

அவன் ஆக்ஸிலேட்டரை முறுக்கினான். அவள் குரல் அந்தச் சத்தத்தில் அமுங்கிப் போயிற்று.

அன்றிலிருந்து பைக்குக்குக் கல்லறையே இருப்பிடம். காலையில் வந்து எடுப்பான். அணைத்தால் மறுபடி கிளம்பாது என்பதால், போகிற இடமெல்லாம் எஞ்சினை ஓடவிட்டே வேலையை முடித்துக்கொண்டு, இருட்டுவதற்குள் கொண்டுவந்து நிறுத்துவான்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில் போதகர் உருகினார். “அண்ணன் கல்லறைக்கு நாள் தவறாமப் போற ஒரு தம்பிய நம்ம சபையில பாக்கேன்.”

சபையோடு சேர்ந்து எப்சிபாளும் ஆமென் சொன்னாள். ரிமோட்டுக்குள் இருக்கும் பேட்டரி தீர்கிறவரை அவன் வருவான்.