ஒன்பது வண்டிகள்

வண்டிக்கு வண்டி செய்தி அனுப்பும் கருவியைப் பேராசிரியர் கிளாட்வின் சோதனைக்காகப் பத்து வண்டிகளில் பொருத்தியிருந்தார். அவற்றில் ஒன்றான ஆட்டோவின் டிரைவர் சிட்டிபாபு, புத்தூர் எலும்பு வைத்தியசாலையில் காலில் கட்டுடன் படுத்திருந்தான். லேப்டாப்போடு பார்க்க வந்தார் கிளாட்வின்.

"ஆட்டோ கவுந்ததும் உங்க பொட்டி மெசேஜ் அனுப்பலையா சார்?"

"அனுப்பிச்சிது. மத்த ஒன்பது வண்டிக்கும் போய்ச் சேந்திருக்கு."

"அப்பறம் ஏன் சார் ஒருத்தரும் வரல? அரை மணி நேரம் ரோட்டுலயே கெடந்துகினு இருந்தேன்."

"முன்னால விபத்துன்னு பாத்ததும், லேட் ஆயிடும்னு எல்லாரும் வேற ரோட்ல திரும்பிட்டாங்க."

"மனுசங்களா சார் அவங்க? நீங்கன்னா உட்டுட்டுப் போயிருப்பீங்களா?"

கிளாட்வின் லேப்டாப்பை மெல்ல மூடினார். அதிலிருந்த ஒன்பது வண்டிகளின் பட்டியலில், முதலில் வேறு ரோட்டில் திரும்பியிருந்தது அவருடைய கார்தான்.